ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து
படிவம் வந்திருக்கிறது.
பணியில் தாங்கள் அடையும் மனநிறைவை
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்.
ஒன்று மிகக் குறைவு, ஐந்து மிக அதிகம்.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
ஜெசிந்தா சிஸ்டர் நாலு போட்டுவிட்டார்.
"நாலு போட்டா யாரும் கூப்பிட்டுக் கேக்கமாட்டாங்க டாக்டர்."

திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனை.
இரவு ஒன்று நாற்பது.
மழை விட்டுவிட்டது, தவளைகள் விடவில்லை.
தியேட்டர் வாசலில் பச்சை உடுப்போடு
பேனா தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் மயக்க டாக்டர்.
இருபத்தாறு வருஷம்.
என்னை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.
ஞாபகம் இல்லாமல் செய்யத்தான் சம்பளம்.
வாழைத்தாரும் கல்யாணப் பத்திரிகையும்
கத்தி பிடித்தவருக்குப் போகும்.
நியாயம்தான்.
ஒருமுறை கோட்டூர்க்காரர் ஒருவர்
தன்னைப் பிழைக்க வைத்த டாக்டரின் அறைக்கு
என்னிடமே வழி கேட்டார்.
மாடியில், இடப்பக்கம் என்றேன்.

முதல் வருஷம் கேட்டிருந்தால்
ஐந்துக்கு மேல் ஓர் எண் கேட்டிருப்பேன்.
குறுவை பொய்த்த ஆண்டு அது.
பூச்சிமருந்து குடித்தவர்களைக்
கட்டிலோடு தூக்கி வருவார்கள்.
அட்ரோபின் ஏற்றி, டார்ச் அடித்து,
ஏற்றி, மறுபடி டார்ச் அடித்து,
ஒருவரின் கண்மணி விரிந்த விடியலில்
பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய்
யாரென்றே தெரியாத ஆளுக்கு
டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த பங்குனியில்
அதே ஆள் மறுபடி வந்தார்.
அன்று விரியவில்லை.

பிறகு நீளமாய் ஒரு நடுப்பகுதி.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை,
எனக்கும் பிரியமில்லை.
திருச்சியில் கூடப் படித்தவள்
ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் மாடி எழுப்பினாள்.
என் ராஜினாமாக் கடிதம்
தேதி போடாமல் நாலு வருஷம் மேசையறைக்குள் கிடந்தது.
அதன்மேல் பல்லி முட்டையிட்டுப் பொரித்தது.
கொள்முதல் நிலையத்தில்
ஒரு கை நெல்லைக் கருவிக்குள் கொட்டி
ஈரம் அதிகம், காயவச்சு எடுத்துட்டு வா
என்பார்களே,
அப்படிக் காய்ந்தேன்.
பதினேழுக்கும் கீழே.
கையெழுத்து வாங்கிக்கொண்டே
எல்லாம் கடவுள் செயல் என்று
நிமிராமல் சொல்லும் அளவுக்கு.
நல்ல டாக்டர் என்று
பெயர் வாங்கியதும் அப்போதுதான்.

புயல் ஜெனரேட்டர் கொட்டகையைத்
தூக்கிப்போன இரவில்
மூன்று செல்போன் வெளிச்சத்தில்
இடும்பாவனத்துப் பெண் ஒருத்தியின் மூச்சை
ரப்பர் பையை அமுக்கி அமுக்கி
ஐம்பது நிமிஷம் நான் விட்டேன்.
குழந்தை அழுதது, எல்லோரும் திரும்பினார்கள்.
நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது நிறைவா, தெரியாது.
இரண்டு நாள் விரல் மடங்கவில்லை.

போன தையில் குடல் முறுக்கோடு வந்தார்
வைரக்கண்ணு, எழுபத்தொன்று.
களத்தில் நெல் அளந்தவராம்.
பயத்தில் கட்டில் கம்பியை விடமாட்டேன் என்கிறார்.
ஒன்றிலிருந்து எண்ணுங்கய்யா என்றேன்.
விளக்கை அண்ணாந்து பார்த்தார்.
கம்பியிலிருந்து கை விலகி
காற்றில் ஒரு மரக்காலைத் தலைதட்டியது.
"லாபம்" என்றார்.
"ரெண்டு.
மூணு."
நாலு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

ஒன்று என்று சொல்லி
யாரும் அளக்கத் தொடங்குவதில்லை இங்கே.
மறந்துபோயிருந்தேன்.
முகமூடிக்குள் சிரித்தது
மானிட்டருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

எட்டாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.
சர்ஜனுக்கு ஒரு தார் பூவன் வந்தது.
இரண்டு பழம் எனக்கும் கிடைத்தது.

பேனா சன்னாசியின் காதுமடலில் இருந்தது.
வாங்கி, ஒன்றில் டிக் அடித்தேன்.
மாவட்டத்தில் யாரோ
அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு பூசுவார்கள்.
மன அழுத்தப் பயிற்சிக்குத்
தஞ்சாவூர் வரச் சொல்லி ஓலை வரும்.
வரட்டும்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்துப் பதறினார்,
"என்ன டாக்டர், ஒண்ணு போட்டுட்டீங்க?"

"அது ஒண்ணு இல்ல சிஸ்டர்..."
என்று ஆரம்பித்தபோது
நூற்றியெட்டு வண்டி வளாகத்துக்குள் திரும்பியது.
படிவத்தை மடித்து உடுப்புக்குள் செருகிக்கொண்டு
கை கழுவப் போனேன்.